பாப்பாவுக்கு, விளக்கு விஷயமாக

அன்புள்ள பாப்பா,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் முன்போலத்தான், அதை அவளே உன்னிடம் போனில் சொல்லியிருப்பாள். போன் என் கைக்கு வரும்போது மட்டும் உன்னை யாரோ கூப்பிடுகிறார்கள், வைத்துவிடுகிறாய். அது இருக்கட்டும்.

நேற்று தம்பி சொன்னான், உன் பிக்கப்புக்குக் கூடுதலாக இரண்டு விளக்கு போடப் போகிறாயாம். எது பல வருஷம் தாங்கும் என்று அவனிடம் கேட்டாயாம். அவனிடம்! டார்ச்சுக்குள் பேட்டரியைத் திருப்பிப் போட்டுவிட்டு டார்ச் கெட்டுப்போச்சு என்று சொல்கிறவன் அவன். சரி, யாரிடம் கேட்டால் என்ன, கேள்வி வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. பதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கூடுதல் விளக்கைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர்தான். அதனால் முதலில் ஐபி எண்ணைப் பார், தூசியையும் தண்ணீரையும் விளக்கு எவ்வளவு தடுக்கும் என்று சொல்கிற எண் அது. ஐபி 67 என்றால் தூசி உள்ளே போகாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். 68 அதைவிடக் கடுமையானது, எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைச் செய்தவரே சொல்லியிருக்க வேண்டும். வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறவர்களுக்கு 69கே என்று ஒன்று உண்டு. 80 டிகிரி வெந்நீரை 80 முதல் 100 பார் அழுத்தத்தில் அடித்துப் பார்க்கும் சோதனை அது. மூழ்கினால் தாங்குகிற விளக்கு பீய்ச்சினாலும் தாங்கும் என்று நினைத்துவிடாதே, இரண்டும் வேறு வேறு. இரண்டு எண்ணும் போட்டிருந்தால் யோசிக்காமல் எடு.

இன்னொன்று, பின்பக்கம் மூச்சு விடுகிற சவ்வு இருக்கிறதா பார். ஒரு மணி நேரம் எரிந்து சூடான விளக்கு தேங்கின தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கும்போது எங்கே இடுக்கு கிடைக்கிறதோ அங்கேயெல்லாம் தண்ணீரை உறிஞ்சும். சவ்வு இருந்தால் காற்று போய் வரும், தண்ணீர் வராது. விலை குறைந்த விளக்குகளில் முதலில் மிச்சம் பிடிப்பது இதில்தான். ஆறு மாதத்தில் கண்ணாடிக்குள் வியர்த்திருப்பது அதனால்தான்.

எல்இடி சூடாகாது என்பார்கள், நம்பாதே. முன்னால் வரும் வெளிச்சத்தில் சூடு குறைவு, அவ்வளவுதான். மிச்ச சூடெல்லாம் பின்பக்கம் தங்குகிறது. வார்ப்பு அலுமினிய உடம்பு, முதுகில் ஆழமான துடுப்புகள், கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். அரை மணி நேரம் எரியவிட்டு முதுகைத் தொட்டுப் பார், சுட்டால் நல்லது, சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம். முதுகு சில்லென்று இருந்து வெளிச்சம் மட்டும் குறைந்துகொண்டே போனால் சூடு உள்ளேயே வெந்துகொண்டிருக்கிறது. முன் மூடி பாலிகார்பனேட்டாக இருந்தால் கல் பட்டு உடையாது, ஆனால் மேலே கெட்டியான பூச்சு இல்லையென்றால் வெயிலில் மஞ்சளாகிவிடும்.

லூமென் என்று மொத்த ஒளியைச் சொல்கிற எண்ணைப் பார்த்து மயங்காதே. உள்ளே இருக்கிற சிப்பை எண்ணி, ஒவ்வொன்றும் அதிகபட்சம் எவ்வளவு தரும் என்று பெருக்கி அட்டையில் போட்டுவிடுகிறார்கள். சூடு போக, லென்ஸில் இழப்பது போக, வெளியே வருவது எவ்வளவு என்று கேள். லக்ஸ் என்பது விழுகிற இடத்து வெளிச்சத்தின் அளவு, ஒரு லக்ஸ் வெளிச்சம் எத்தனை மீட்டர் வரைக்கும் போகிறது என்று போட்டிருந்தால் அதுதான் பேசக்கூடிய கணக்கு. இரண்டு மடங்கு தூரம் பார்க்க நாலு மடங்கு ஒளி வேண்டும், அதனால் அட்டையில் இரட்டிப்பு லூமென் என்றால் சாலையில் இரட்டிப்பு தூரம் இல்லை. நிறம் 4000க்கும் 5000 கெல்வினுக்கும் நடுவில் போதும். 6000க்கு மேலே போனால் நீலம் தட்டும், பார்க்க ஜோராக இருக்கும், மழையில் கண்ணைக் கூசும்.

கூரை மேல் நீளப் பட்டை விளக்கு போடாதே. உன் வண்டியின் பானெட்டிலேயே பட்டுத் திரும்பி உன் கண்ணுக்கே வரும். தூசியிலும் மூடுபனியிலும் வெள்ளைச் சுவர் எழுப்பின மாதிரி இருக்கும். பம்பர் உயரம்தான் சரி, ரேடியேட்டருக்குக் காற்று போகிற வழியை மறைக்காமல். பனிக்கு என்று தனியாகப் போட்டால் இன்னும் தாழ்வாக, அகலமான வீச்சில், வெளிச்சத்தின் மேல் ஓரம் கத்தரித்த மாதிரி இருக்க வேண்டும். பிடிமானத் தகடு தடிமனாக இருக்கட்டும், நைலான் வைத்த லாக் நட் போடு. நல்ல விளக்கை மெல்லிய தகட்டில் மாட்டினால் ஆடி ஆடியே உள்ளே இருக்கிற பற்றவைப்பெல்லாம் விட்டுப் போகும்.

வயரிங் விஷயம். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்ற இல்லை, வயரைக் காப்பாற்ற. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் வயர் உரசி வண்டியின் உடம்பில் பட்டால் தடுக்க ஆளே கிடையாது. இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியதில்லை என்று எழுதிவிட்டு பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தம்பி இன்னொன்றும் சொன்னான். "அக்கா, நீயே போட்டுக்கலாமே" என்று கேட்டதற்கு, "வயர்ல நான் கை வைக்க மாட்டேன், ஆளை வெச்சுப் போட்டுக்கறேன்" என்றாயாம். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு அப்போது ஏழு வயது, அவனுக்கு என்ன தெரியும்.

ராத்திரியில் ஓட்டுகிறாய் என்றும் தெரிகிறது. இல்லாவிட்டால் விளக்கு எதற்கு. எதற்கு ராத்திரி, யாருடன், எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள். டிம்மில் நன்றாகத் தெரிவது 50, 60 மீட்டர்தான். மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால், பார்த்து, மூளை சுதாரித்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி ஆகும். அதற்குள் 33 மீட்டர் ஓடிவிடும். அப்புறம் நிற்பதற்குக் காய்ந்த சாலையிலேயே 35 மீட்டர் வேண்டும். கூட்டிப் பார். மழையில் இன்னும் மோசம். எத்தனை விளக்கு போட்டாலும் எதிரே வண்டி வந்தால் டிம்முக்குத்தான் வந்தாக வேண்டும். அதனால் மெதுவாகப் போ. விளக்கு நல்லதாக இருக்கிறது என்று வேகம் கூட்டாதே, மெதுவாகப் போ.

பதினாறு வயதில் நீ போட்ட வயரிங்கை இன்றைக்கும் யாராவது பட்டறையில் போட்டுக் காட்டட்டும், பார்க்கலாம். 55 வாட் இரண்டு, 110 வாட், 12 வோல்ட்டுக்கு ஒன்பது ஆம்பியர் சொச்சம், அதனால் 15 ஆம்பியர் ஃபியூஸ் என்று நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினாய். சுவிட்சின் சின்ன மின்சாரத்தில் விளக்கின் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடுகிற அந்த ரிலேயின் கால்களில் 30க்கு பேட்டரி, 87க்கு விளக்கு, 86க்கு சுவிட்ச், 85 எர்த். ஒவ்வொரு வயரிலும் சின்னச் சீட்டு எழுதி டேப் சுற்றியிருந்தாய். பார்த்தவர்களிடமெல்லாம் என் பெண் போட்டது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்று மாதம் சொன்னேன். அப்புறம் அந்த மழை ராத்திரி.

பாப்பா, அன்றைக்கு விளக்கு அணையவில்லை.

எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் என் கண்ணுக்குள் போய் அப்படியே பரவி, வெள்ளைத் துணியை விரித்த மாதிரி ஆகிவிட்டது. வண்டி கடந்து போன பிறகும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாலைந்து வினாடி இருக்கும். நீ போட்ட இரண்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன. நீ தூங்கிக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரிய வழியில்லை. மோதி நின்ற பிறகும் ஒன்று எரிந்தது, புதரைக் காட்டிக்கொண்டு. நீ புருவத்தைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாய். பின்னால் வந்த லாரியிலிருந்து ஆட்கள் இறங்கி ஓடி வருவதற்குள் நான் கையை நீட்டி அந்த சுவிட்சை அணைத்தேன். அப்புறம்தான் உன் பக்கம் திரும்பினேன். முதலில் சுவிட்ச், அப்புறம் நீ.

"திடீர்னு லைட் அணைஞ்சு போச்சு, புள்ள போட்ட வயரு" என்று அவர்களிடம் சொன்னேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன். நீ கேட்டுக்கொண்டு நின்றாய். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிற பெண், அன்றைக்குப் பேசியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. பார், இப்போதும் உன் மேலேயே போடுகிறேன்.

அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே எதிர் வெளிச்சம் எனக்கு வளையம் வளையமாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. கண்ணைக் காட்டினால் ஓட்டாதே என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். வண்டி விளக்கு மங்கல், வண்டி விளக்கு மங்கல் என்று சொல்லி உன்னைப் போடச் சொன்னதே அதனால்தான். கண்ணுக்குச் செய்ய வேண்டிய வைத்தியத்தை வண்டிக்குச் செய்தேன். இரண்டு வருஷம் கழித்து கண் ஆபரேஷன் நடந்தபோது, இது ரொம்ப நாளாக இருந்திருக்கிறதே என்று டாக்டர் கேட்டார். நீ பக்கத்தில்தான் நின்றாய். இல்லை, இப்போதுதான் என்றேன். நீ என்னைப் பார்த்தாய். நீ அன்றைக்கே கணக்குப் போட்டிருப்பாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்துகொண்டுதான் என்னிடம் பேசாமல் இருக்கிறாய் என்று நினைப்பதுகூட ஒரு விதத்தில் சுலபமாக இருந்தது. தம்பி சொன்னதைக் கேட்ட பிறகுதான் தோன்றியது, உனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். இன்னும் உன் வயர்தான் என்றே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இதைத் தபாலில் போட்டுவிட்டுச் சொல்லுகிறேன்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். கூடுதல் விளக்கு பிரைட் போட்டால் மட்டும் எரிய வேண்டும், டிம் போட்டதும் தானாக அணைய வேண்டும். எதிரே வருகிறவர் கண் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியாது. ஆனால் புது வண்டிகள் சிலவற்றில் ஹெட்லைட் வயரில் மின்சாரம் ஒரே சீராக வராமல் விட்டு விட்டு வரும். அதில் நேரே ரிலேயைக் கோர்த்தால் கடகடவென்று அடித்துக்கொள்ளும், வண்டியின் கம்ப்யூட்டரும் கோளாறு காட்டும். வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்துவிட்டுக் கை வை. எர்த்தைப் பெயின்ட் மேல் முறுக்காதே, சுரண்டிவிட்டு முறுக்கு. கனெக்டர் ரப்பர் அடைப்பு உள்ளதாக இருக்கட்டும், டாய்ட்ச் பிராண்டு மாதிரி. டேப்பைச் சுற்றி விடுகிற ஆளாக இருந்தால் அந்த ஆளை அனுப்பிவிட்டு நீயே போடு.

பிக்கப்பில் எல்லாரும் கோட்டை விடுவது ஒன்று உண்டு. காலி வண்டியை நிறுத்தி விளக்கைச் சரிபார்த்துவிடுவார்கள். பின்னால் பாரம் ஏறினால் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், விளக்கெல்லாம் மரத்து உச்சியைப் பார்க்கும். வழக்கமாக ஏற்றுகிற பாரத்தை ஏற்றி, சமதளத்தில் சுவருக்கு எதிரே நிறுத்தி, அப்புறம் சாய்வை வை. பாரம் எவ்வளவு ஏற்றுவாய், பின்னால் லீஃப் ஸ்பிரிங்தானா என்று எழுது, எவ்வளவு சாய்க்கலாம் என்று சொல்கிறேன்.

நேற்று ராத்திரி பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினேன். ஃபியூஸ் அறுபடாமல் முழுசாக இருக்கிறது. ரிலேயின் 85, 86இல் பேட்டரியைக் கொடுத்துப் பார்த்தேன், டக் என்று பிடித்தது. மூன்று தரம் பார்த்தேன், மூன்று தரமும் பிடித்தது. உன் சீட்டுகளில் எழுத்து கொஞ்சம் மங்கியிருக்கிறது, படிக்க முடிகிறது.

அன்புடன்,
அப்பா