அம்பயர்ஸ் கால்: சேகருக்கு ஒரு பதில்

அன்புள்ள சேகர்,

போன வாரம் கிரிக்கெட்டில் இந்த அம்பயர்ஸ் கால் பற்றி, அதாவது டிவியில் பார்த்த பிறகும் சில எல்.பி.க்குக் களத்து அம்பயர் சொன்னதே நிற்பது பற்றி, போனில் பேசும்போது பாதியில் கட் ஆகிவிட்டது. தானாகக் கட் ஆனதா, நீ கட் பண்ணினாயா தெரியவில்லை. "ஸ்டம்புல படுதுன்னு அவனே டிவியில காட்டுறான், அப்புறம் எப்படிடா நாட் அவுட்டு?" என்று நீ கத்தியதுதான் கடைசியாகக் காதில் விழுந்தது. திருப்பிக் கூப்பிட்டால் என்னைப் பேச விடமாட்டாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே விழ முடியாது, அதனால் எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாளே, "வீடு இவ்வளவு நாளும் இப்படி ஒட்டடையாவா கெடந்துச்சு?" என்று ஆரம்பித்துவிட்டாள். பார்வை வந்ததில் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

ரிட்டயர் ஆனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் லீக் மேட்சுக்கு அம்பயராக நிற்கிறேன் என்று சொன்னேன் இல்லையா? இன்னும் பாக்கெட்டில் ஆறு கூழாங்கல்தான். ஒரு பால் போனால் ஒரு கல் இடதிலிருந்து வலதுக்கு மாறும். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு தப்பு பண்ணிவிட்டேன். பௌலரின் முன்கால் கோட்டுக்குள் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்துவதற்குள் பந்து பேடில் பட்டாகிவிட்டது. பதினோரு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஸ்டம்புக்குப் போகிற பந்தை, பேட்டில் படாமல், காலால் மறித்தால் எல்.பி. அவுட் இல்லையா, அப்படி நினைத்துக் கை தானாக மேலே போய்விட்டது. அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. பேட்டைத் திருப்பி உள் விளிம்பை ஒரு தடவை பார்த்தான், நடந்தான். என்னைத் தாண்டிப் போகும்போதுதான் கவனித்தேன், விளிம்பில் புதுப் பந்தின் சிவப்புத் தடம். சாயந்தரம் யாரோ போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார்கள். பந்து பேட்டில் பட்டு, திசை மாறித்தான் பேடுக்கு வருகிறது. அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய்.

அதனால் ரீப்ளே வேண்டாம் என்கிற கட்சியில் நான் இல்லை, இதைத் தெளிவாக எழுதிக்கொள். 1992-ல் டர்பனில் டெண்டுல்கர் 11 ரன்னில் ரன் அவுட் ஆனபோது, டிவி பார்த்து மூன்றாவது அம்பயர் கொடுத்த முதல் அவுட் அதுதான், "மனுசன் கண்ணை நம்பாம பெட்டிய நம்புறானுங்க" என்று டீக்கடையில் பேசியது நீதான், நான் இல்லை. 2008 சிட்னி டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் சைமண்ட்ஸ் 30 ரன்னில் எட்ஜ் பண்ணிக் கீப்பரிடம் பிடி கொடுத்தும் நின்று, 162 அடித்து நாட் அவுட்டாகப் போனாரே, அப்போது டி.வி. ரிமோட்டை உடைத்ததும் நீதான். அதே வருஷம் இலங்கையில், அம்பயர் தீர்ப்பை டிவியில் மறுபடி பார்க்கச் சொல்லி ஆட்டக்காரர்களே கேட்கிற ரிவ்யூ முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். நம்ம ஆட்கள் கேட்ட ரிவ்யூ ஏறக்குறைய எல்லாம் சொதப்பல். அந்தக் கசப்பில் 2016 வரைக்கும் இருதரப்புத் தொடர்களில் நம்ம போர்டு இதை முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. "மெஷின் நூத்துக்கு நூறு சரியில்ல" என்பது வாதம். மனிதன் மட்டும் நூற்றுக்கு நூறா?

சரி, உன் எல்.பி. கேள்விக்கு வருகிறேன். கேமரா பார்த்தது பேடில் பட்ட இடம் வரைதான். அதற்குப் பிறகு ஸ்டம்பு வரை வண்ணத்தில் ஒரு பாதை போடுகிறானே, அந்தப் பந்து போகவே இல்லையடா. அது வரை வந்த வேகம், திசை, எழும்பிய உயரம் எல்லாவற்றையும் வைத்து, போயிருந்தால் இப்படிப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறான். ரன் அவுட்டில் நடந்ததைக் காட்டுகிறான், எல்.பி.யில் நடக்காததைக் காட்டுகிறான். நீ இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறாய். பந்தில் பாதிக்கும் குறைவாகத்தான் ஸ்டம்பில் உரசுகிறது என்றால், அவ்வளவு நூலிழையில் என் கணக்கை முழுசாக நம்பாதீர்கள், களத்தில் நின்றவர் சொன்னதே இருக்கட்டும் என்று அந்த முறையே ஒதுங்கிக்கொள்கிறது. அம்பயர்ஸ் கால் என்றால் அவ்வளவுதான். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிற மெஷின். எனக்கு அதன் மேல் மரியாதை வந்ததே இதனால்தான்.

ஒரே மாதிரிப் பந்து இந்த முனையில் அவுட், அந்த முனையில் நாட் அவுட் ஆகிறதே என்கிறாய். ஆகிறது. அந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் படம் காட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று மட்டும் சொல்லாதே. 1999 ஜனவரி, சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு ஆடிய டெஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி பஸ் பிடித்துப் போய், வெயிலில் கருகி உட்கார்ந்திருந்தோம். சக்லைன் பந்தை கங்குலி அடிக்க, அது பக்கத்தில் நின்ற ஃபீல்டர் மேல் பட்டுத் தெறித்து மொயின் கான் கையில். தரையில் பட்டதா இல்லையா? அம்பயர்கள் பேசிக்கொண்டு அவுட் கொடுத்தார்கள். நீ எழுந்து நின்று "பிட்ச்! பிட்ச்!" என்று அலறினாய், நாம் இருந்த இடத்திலிருந்து பந்தே தெரியவில்லை என்றாலும். கடைசியில் 12 ரன்னில் தோற்றோம், டெண்டுல்கர் 136. அந்த கேட்ச்சை எத்தனை தடவை ரீப்ளேயில் பார்த்தோம்? ஒவ்வொரு தடவையும் நீ பிட்ச் என்றாய், நான் தெரியவில்லை என்றேன்.

இருபத்து நான்கு வருஷம் கழித்து, 2023-ல் லண்டன் ஓவல் மைதானத்தில் நம்ம கில் அடித்ததை ஆஸ்திரேலியாவின் கிரீன் தாவிப் பிடித்தார். இப்போது கேமராவுக்கா பஞ்சம்? மூன்றாவது அம்பயர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து அவுட் கொடுத்தார். விரல் பந்துக்கு அடியில் இருந்ததா, புல் பட்டதா என்று பாதி நாடு இன்னும் சண்டை போடுகிறது. தட்டையான திரையில் ஆழம் தெரியாது, தூரத்திலிருந்து இழுத்து எடுத்த படத்தில் நல்ல கேட்ச்சும் தரையைத் தொட்ட மாதிரி இருக்கும். மெதுவாக ஓட்டினால் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

எனக்கு ரீப்ளே எதற்கு வேண்டும் தெரியுமா? சிட்னிக்கோ ஓவலுக்கோ இல்லை. கையைத் தூக்கிவிட்டு அந்தச் சிவப்புத் தடத்தைப் பார்த்த நொடியில், அந்தப் பையனைத் திரும்பக் கூப்பிட ஒரு வழி வேண்டும். டெஸ்டில் அம்பயர் இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துத் தன் தீர்ப்பைத் தானே அழிக்கிறார் பார், அதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. நம்ம கிரவுண்டில் பாய் விரித்த பிட்ச்சும் ஒரு தண்ணி டிரம்மும்தான் இருக்கிறது. சட்டப்படி அம்பயர் உடனே மாற்றிச் சொல்லலாம், எனக்குத்தான் வாய் வரவில்லை.

போன ஞாயிறு அவனைப் பார்த்தேன். பக்கத்தில் போய், "தம்பி, அன்னிக்கு நான் குடுத்தது தப்புப்பா" என்றேன். சிரித்தான். "பரவால்ல சார். ரெண்டு ஓவருக்கு முன்னாடி கீப்பர் பிடிச்சது நல்ல எட்ஜு. நீங்க குடுக்கல."

அந்தப் பந்து எனக்கு ஞாபகமே இல்லை. சத்தம்கூடக் கேட்கவில்லை.

பொங்கலுக்கு வருகிறாயா? எங்கள் மேட்ச் ஒன்று இருக்கிறது, ஸ்கொயர் லெக்கில் இரண்டாவது அம்பயராக நிற்க ஆள் இல்லை. தொப்பி எடுத்துக்கொண்டு வா, கல் நான் தருகிறேன். கமலாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முத்து