சர்டிபிகேட் கேட்கும் அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

தொழிலாளர் நலக் குழுவில் நீங்கள் பேசியது என் காதுக்கு வந்தது. மெடிக்கல் எய்டில், அதாவது மருத்துவச் செலவுத் திட்டத்தில், கம்பெனி கட்டும் பங்கு, ஈமச்செலவுக் காப்பீடு, பிள்ளைகளின் படிப்புதவி எல்லாமே கல்யாண சர்டிபிகேட் காட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் என்று விதியில் எழுதச் சொன்னீர்களாம். தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும், ஆணும் ஆணுமாக, பெண்ணும் பெண்ணுமாகக் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கும் நம் பணத்தை ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டீர்களாம். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நம் வீடுகள் பலவற்றில் இதே பேச்சு நடக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுவதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நம் பணம் என்கிறீர்களே, அது யாருடைய பணம்? சம்பளப் பேச்சுவார்த்தையில் இத்தனை சதவீத உயர்வு, அதோடு இந்தச் சலுகைகள் என்று சேர்த்துத்தானே ஒப்பந்தம் போடுகிறோம்? அப்படியானால் இவையும் சம்பளம்தான். பக்கத்து மெஷினில் அதே ஷிப்ட் நிற்கிறவனுக்கு வீட்டில் இருப்பது யார் என்று பார்த்துச் சம்பளத்தைக் குறைக்க நீங்கள் சம்மதிக்க மாட்டீர்கள். தொழிற்சங்கத்தில் உங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

சட்டம் இந்த இடத்தை எப்போதோ தாண்டிவிட்டது. பாலின ஈர்ப்பை வைத்துப் பாகுபாடு கூடாது என்று உலகிலேயே முதலில் எழுதியது நம் நாட்டு அரசியல் சாசனம்தான். 1996 சாசனத்தின் 9-ஆம் பிரிவில் திருமண நிலையும் அதே வரிசையில் இருக்கிறது. 1998-ல் ஒரு பெண் போலீஸ் அதிகாரி, பத்தாண்டுக்கு மேல் தன்னோடு வாழ்ந்த பெண்ணைக் காவல்துறை மெடிக்கல் எய்டில் சேர்க்கக் கேட்டு பிரிட்டோரியா உயர்நீதிமன்றத்தில் வென்றார். 2002-ல் நீதிபதி கேத்தி சாட்ச்வெல், நீதிபதிகளின் துணைக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் தன் பெண் இணையருக்கும் உண்டு என்று அரசியல் சாசன நீதிமன்றத்தில் நிலைநாட்டினார். துக்க லீவு தரும் வேலைச் சட்டத்திலும் கணவன் மனைவியோடு ‘வாழ்க்கை இணையர்’ என்றும் இருக்கிறது. நம் கம்பெனி விதிகள்தான் பின்தங்கிக் கிடக்கின்றன.

யாரை வேண்டுமானாலும் இணையர் என்று கூட்டி வந்து ஏமாற்றுவார்கள் என்ற பயம் உங்களுக்கு. அது நியாயமான கேள்விதான். போலீஸ் ஸ்டேஷனில் சத்தியம் செய்து அஃபிடவிட் வாங்கச் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே முகவரிக்கு வரும் பில்கள் என்று கேளுங்கள். ஆனால் வாங்கும் காகிதம் எச்ஆர் அலமாரியை விட்டு வெளியே வரக்கூடாது. தன் இணையர் ஒரு ஆண் என்று படிவத்தில் எழுதும் பையனுக்கு, அது மதியத்துக்குள் கேன்டீன் பேச்சாகிவிடும் என்று தெரியும். அந்தப் பயத்திலேயே படிவத்தை நிரப்பாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அண்ணா.

உங்கள் வாதத்தில் கனமானது இன்னொன்று. 2006 நவம்பர் 30 முதல் யாரும் யாரையும் சட்டப்படி மணக்கலாம், வழி இருந்தும் மணக்காதவர்களுக்கு ஏன் சலுகை என்கிறீர்கள். 2005-ல் அரசியல் சாசன நீதிமன்றமே ஏறக்குறைய இப்படித்தான் யோசித்து, மணமாகாமல் ஒருவரோடு வாழ்ந்து அவரை இழந்த பெண்ணுக்கு ஜீவனாம்சம் இல்லை என்றது. 2021 டிசம்பர் 31-ல் அதே நீதிமன்றம் அதை மாற்றிக்கொண்டது. ஜிம்பாப்வேயிலிருந்து வந்து கேப் டவுனில் வீட்டு வேலை செய்த ஒரு பெண்ணின் வழக்கு அது. அவளும் அவளோடு வாழ்ந்தவரும் பரிசம் பேச அவள் ஊருக்குப் போவதாக இருந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு அவர் இறந்துவிட்டார். மணப்பதா வேண்டாமா என்பதை இரண்டு பேரும் சமமாக நின்று முடிவு செய்வதில்லை. ஒருவர் தள்ளிப்போட்டால் மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான். தன்பாலின இணையர்களுக்கோ, சட்டம் கதவைத் திறந்தாலும் வீட்டில் அப்பா அம்மா திறப்பதில்லை. உங்கள் விதி தண்டிப்பது அந்தக் காத்திருக்கிறவரைத்தான்.

இது நம் பண்பாடு இல்லை என்றும் சொன்னீர்களாம். இந்த நாட்டில் நம் பாட்டிமார் எதற்காக ஜெயிலுக்குப் போனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். 1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவாகாத கல்யாணம் செல்லாது என்றார். ஒரே தீர்ப்பில் நம் பெண்களின் தாலிக்கு மதிப்பில்லாமல் போனது. அதை எதிர்த்து டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து தமிழ்ப் பெண்கள் நியூகாஸில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து 1914 பிப்ரவரி 22-ல் பதினாறு வயதில் இறந்தாள். அந்த ஆண்டுதான் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்து நம் கல்யாணங்களைக் கல்யாணம் என்று ஒப்புக்கொண்டது.

இவ்வளவும் நடந்த பிறகும் உங்கள் அம்மாவுக்கு, என் பெரியம்மாவுக்கு, என்ன ஆயிற்று? கோவிலில் ஐயர் நடத்திய கல்யாணம், யாரும் பதிவு செய்யவில்லை. பெரியப்பா போனதும் அவர் வேலை பார்த்த இடத்தில் சர்டிபிகேட் கேட்டார்கள். நாற்பது வருஷம் அவருக்குச் சோறு போட்டவள், மனைவி என்று நிரூபிக்கச் சாட்சி தேடி அலைந்தாள். அன்று நீங்கள் எவ்வளவு கோபப்பட்டீர்கள்! பின்னாளில், இந்து முறைப்படி மட்டும் மணந்த ஒரு விதவைக்கும் கணவர் சொத்தில் வாரிசுரிமை உண்டு என்று டர்பன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்ததைக் கேட்டு, அம்மாவுக்கு நியாயம் கிடைத்தது என்று எனக்கு போன் செய்ததும் நீங்கள்தான்.

இப்போது அந்தக் கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்து சர்டிபிகேட் கேட்பவராக நீங்கள் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு வரைவு அனுப்புகிறேன். ‘கணவர் / மனைவி’ என்ற இடத்தில் ‘வாழ்க்கை இணையர்’ என்பதையும் சேர்க்க வேண்டும். இணையரின் பிள்ளைகளுக்கும் படிப்புதவி வேண்டும். அஃபிடவிட்டோடு இரண்டு சான்றுகள் போதும், அவை ரகசியமாக இருக்க வேண்டும். பொய் சொன்னால் தண்டனை என்ற வரியை நீங்களே எழுதுங்கள், எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறேன். பெரியம்மாவையும் வைத்துக்கொண்டே பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் தங்கை