பத்தாண்டுக் கணக்கைத் தொழிலாளியின் கண்ணில் காட்டுங்கள்

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

திருப்பூரில் பனியன் தொழிலாளர்களுக்குப் பி.எஃப். விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது என் வேலை. ஒரே கம்பெனியில் பத்து ஆண்டு நீடிப்பவர்கள் இங்கே குறைவு. ஆர்டர் குறைந்தால் ஆட்களைக் குறைப்பார்கள். கூலி கூடுதலாகக் கிடைத்தால் இவர்களே மாறுவார்கள். பிள்ளை பெற்றுத் திரும்பும் பெண்ணுக்குப் பழைய இடம் காத்திருப்பதில்லை. இப்படி ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் 19ஆம் படிவத்தோடு 10சி படிவத்தையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். முதல் படிவத்தால் சேமிப்பு கைக்கு வருகிறது. இரண்டாவதைக் கொடுத்து ஓய்வூதியப் பங்கையும் எடுத்தால், அதுவரை ஓய்வூதியத்துக்காகச் சேர்ந்த சேவைக்காலம் முழுவதும் அழிகிறது. கையெழுத்துப் போடும் முன் இதை யாரும் அவர்களுக்குப் புரியும்படி சொல்வதில்லை.

1995ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதல்ல. ஆனால் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்கு அதை விளக்குவது யார்? நான்கு கம்பெனிகளில் வேலை பார்த்திருந்தாலும், இடையில் பணத்தை எடுக்காமல் விட்டிருந்தால், எல்லாச் சேவையும் ஒன்றாகக் கூடும். கூட்டுத்தொகை பத்து ஆண்டை எட்டினால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. ஒரு பெண்ணுக்கு ஓய்வூதியத்துக்குரிய சம்பளம் 14,000 ரூபாய், சேவை 18 ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் கணக்குப்படி இரண்டையும் பெருக்கி 70ஆல் வகுத்தால் மாதம் 3,600 ரூபாய். அதே பெண் முதல் எட்டு ஆண்டுக்கு 10சி கொடுத்துப் பணத்தை எடுத்திருந்தால் 2,000 ரூபாய்தான். ஒன்பது ஆண்டுக்குக் கொடுத்திருந்தால், மீதி ஒன்பது ஆண்டு பத்தை எட்டாததால், மாத ஓய்வூதியமே கிடையாது. இதற்கு மாற்றாக, பணத்தை எடுக்காமல் சேவைக்காலத்தைக் காத்து வைக்கும் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்பது என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்குப் புதிய செய்தி.

எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றுபவர்களுக்கும் ஒரு பயம் காத்திருக்கிறது. மாற்றிய பிறகு பாஸ்புக்கைத் திறந்தால், சேமிப்பு வந்திருக்கும். ஓய்வூதியப் பங்கு என்ற பத்தியில் பூஜ்யம் இருக்கும். அந்தப் பங்கு பொது நிதியில் இருக்கிறது, மாறுவது சேவை மட்டுமே என்று பாஸ்புக் சொல்வதில்லை. பணம் போய்விட்டது என்று அவர் வீதியெல்லாம் சொல்வார். கேட்டவர்கள் அடுத்த முறை எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

வேலையை விட்டபின் ஓய்வூதியப் பங்கை எடுக்கக் காத்திருக்கும் காலத்தை 2 மாதத்திலிருந்து 36 மாதமாக உயர்த்த 2025 அக்டோபரில் முடிவெடுத்தீர்கள். நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் வேலையிழந்து வாடகை கொடுக்க வழியில்லாதவருக்கு அது பூட்டாகத்தான் தெரியும். காரணம் தெரியாமல் காத்திருப்பவர், 37ஆம் மாதம் வந்து அதே படிவத்தைத்தான் கேட்பார்.

ஆகவே பாஸ்புக்கின் முதல் வரியிலேயே, இதுவரை சேர்ந்த ஓய்வூதியச் சேவை எத்தனை ஆண்டு, எத்தனை மாதம், பத்து ஆண்டுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று தமிழில் அச்சிடுங்கள். 10சி விண்ணப்பத்தை ஏற்கும் முன், எடுத்தால் கிடைக்கும் தொகையையும், எடுத்தால் அழியும் சேவைக்காலத்தையும் அருகருகே காட்டுங்கள். திட்டச் சான்றிதழ் வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள்.

இன்னொன்று, எங்கள் பெயர்கள். ஆதாரில் இனிஷியல் விரிந்திருக்கும், கம்பெனிப் பதிவில் சுருங்கியிருக்கும். திருமணத்துக்குப் பின் தகப்பன் பெயரின் எழுத்து போய்க் கணவன் பெயரின் எழுத்து வந்திருக்கும். பிறந்த தேதியும் தகப்பன் பெயரும் பொருந்தும்போது இனிஷியல் வேறுபாட்டுக்காக விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள். பழைய கம்பெனி மூடிப் போயிருந்தால் திருத்தத்துக்கு ஒப்புதல் வாங்க அந்தப் பெண் யாரிடம் போவார்?

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து, விண்ணப்பம் நிரப்பித் தருபவர்