குளோரிஸின் வாயிலிருந்து விழும் பூக்கள்

திருச்சி,
சனிக்கிழமை காலை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நான்கு முறை படித்துவிட்டேன். மாடியில் நீ வைத்த ஒட்டுச் செண்பகம் இவ்வளவு சீக்கிரம் பூத்துவிட்டது என்ற செய்தியை வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. முழங்காலுக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. என் கண் நன்றாக இருக்கிறது. புரை எடுத்த பிறகு நீலத்தைப் புதிதாகக் கண்டுபிடித்தவள் போலத் திரிகிறேன். வானம், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடைச் சுவர் என்று எது நீலமாக இருந்தாலும் நின்று பார்க்கிறேன்.

நான் அனுப்பிய, இத்தாலிய ஓவியர் போட்டிச்செல்லியின் 'பிரிமாவேரா' அச்சுப்படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பூக்களின் பெயர்களைப் பென்சிலால் ஓரத்தில் எழுதி நகல் எடுத்து அனுப்பியிருக்கிறாயே, அதைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன். ஆனால் அதற்குக் கீழே நீ எழுதிய வரி என்னைத் தூங்கவிடவில்லை. "இந்த ஓவியன் பூவைப் பூவாக வரைந்திருக்கிறான். அதற்கு அடியில் தத்துவம் ஒளிந்திருக்கிறது என்று நீங்கள் எல்லோரும் ஏன் தோண்டுகிறீர்கள்?" முப்பது வருடம் மறுமலர்ச்சிக் காலத்தை வகுப்பில் நடத்தியவளிடம் இப்படிக் கேட்டால் என்ன ஆகும்? முதல் நாள் கோபம் வந்தது. இரண்டாம் நாள், நீ கேட்டது சரியான கேள்விதான் என்று தோன்றியது. இன்று பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இளையவள் இத்தாலியில், பொலோனியாவில் இருக்கிறாள் அல்லவா? அங்கிருந்து புளோரன்ஸுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆவதில்லை. உஃபிசி அருங்காட்சியகத்தில் போட்டிச்செல்லியின் அறைக்குள் நுழைந்தபோது எனக்குக் கால் நகரவில்லை. வகுப்பில் கையகலப் படத்தை வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவளுக்கு, அது இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டருக்கு மேல் அகலமும் கொண்ட மரப்பலகை என்பது புத்தியில் ஏறியிருக்கவேயில்லை. அந்த உருவங்கள் ஏறத்தாழ நம் உயரம். 1480ஐ ஒட்டி வரைந்தது. 'பிரிமாவேரா', அதாவது வசந்தம், என்பது ஓவியர் வைத்த பெயர் அன்று. அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 1550இல், ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி இந்தப் படத்தைப் பற்றிச் சொல்லும்போது காதல் தெய்வமான வீனஸை அழகுத் தேவதைகள் பூக்களால் அலங்கரிக்கிறார்கள், இது வசந்தத்தைக் குறிக்கிறது என்று சொன்னார். அந்தச் சொல்லே பெயராக நிலைத்துவிட்டது.

படத்தை வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். ஓரத்தில் உடல் முழுக்க நீலமும் பச்சையுமாகச் செஃபைரஸ், மேற்குக் காற்று, மரங்களை வளைத்துக்கொண்டு பாய்கிறான். அவன் கையில் அகப்பட்ட குளோரிஸ் திரும்பிப் பார்த்தபடி ஓடுகிறாள். அவள் வாயிலிருந்து பூக்கள் விழுகின்றன. அவளுக்கு அடுத்து, பூப்போட்ட உடையில், மடி நிறைய ரோஜாவோடு பூக்களின் தேவதை ஃபுளோரா நிதானமாக நடந்து வருகிறாள். இவர்கள் இருவரும் ஒருத்தியே என்பது ரோமக் கவிஞர் ஓவிட் சொன்ன கதை. நாட்காட்டியைப் பற்றி அவர் பாடிய நூலில் அந்தத் தேவதையே பேசுகிறாள்: முன்பு நான் குளோரிஸ், இப்போது என்னை ஃபுளோரா என்கிறார்கள், காற்று என்னைத் துரத்திப் பிடித்து மணந்து ஒரு தோட்டத்தையும் கொடுத்தது என்று. அவள் பேசும்போது அவள் உதடுகளிலிருந்து ரோஜாக்கள் வருவதாகவும் ஓவிட் எழுதியிருக்கிறார்.

இதை நான் எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நேரில் பார்க்கும்வரை கவனிக்காத ஒன்றை இப்போது சொல்கிறேன். குளோரிஸின் வாயிலிருந்து விழும் பூக்கள் தரைக்குப் போகவில்லை. பக்கத்தில் நிற்கும் ஃபுளோராவின் உடைமேல் விழுகின்றன. எது விழும் பூ, எது துணியில் இருக்கும் பூ என்று ஓரிடத்தில் பிரிக்க முடியவில்லை. ஒருத்தி இன்னொருத்தியாக மாறுகிறாள் என்ற செய்தியைப் போட்டிச்செல்லி பூக்களைக் கொண்டு மட்டுமே சொல்லியிருக்கிறார். நீ பென்சிலால் பெயர் எழுதினாயே, அந்த இடத்திலேயேதான் மாற்றம் நடக்கிறது. மண்வெட்டியோடு நான் வேறு எங்கோ தோண்டிக்கொண்டிருந்தேன்.

நடுவில் வீனஸ், அவளுக்குப் பின்னால் அவளுக்கே உரிய மிர்ட்டில் புதர். மேலே கண்ணைக் கட்டிக்கொண்டு அவள் மகன் க்யூபிட், காதல் கடவுள், அம்பு தொடுக்கிறான். இடப்பக்கம் கைகோத்து ஆடும் மூன்று தேவதைகள். கடைசியில் தேவர்களின் தூதன் மெர்க்குரி. எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, தன் கோலால் மேலே எட்டிப் பார்க்கும் மெல்லிய மேகத்தைக் கலைத்துக்கொண்டிருக்கிறான். தோட்டத்தில் இவ்வளவு நடக்கும்போது அவன் ஏன் வெளியே பார்க்கிறான்? இந்தக் கேள்வியோடுதான் தத்துவம் உள்ளே வருகிறது.

1499இல் எழுதிய சொத்துப் பட்டியல் ஒன்றின்படி, இந்தப் படம் லொரென்சோ தி பியர்ஃபிரான்செஸ்கோ தெ மெடிச்சியின் புளோரன்ஸ் வீட்டில், ஒரு சாய்விருக்கைக்கு மேலே மாட்டியிருந்தது. மெடிச்சிகள் புளோரன்ஸை ஆட்டிவைத்த வங்கிக் குடும்பம். அந்தக் குடும்பத்தின் புகழ்பெற்ற லொரென்சோ வேறு. இவர் வயதில் இளைய உறவினர். 1482இல் இவருக்குத் திருமணம். படம் அதை ஒட்டி வந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். இவர் சிறுவனாக இருந்தபோது தத்துவ அறிஞர் மார்சிலியோ ஃபிசினோ ஒரு கடிதம் எழுதினார். வானத்துக் கோள்கள் நமக்கு வெளியே இல்லை, உனக்குள்ளேயே இருக்கின்றன, வீனஸை நோக்கி உன் பார்வையை நிறுத்து, வீனஸ் என்றால் மனிதப்பண்பு என்பது அதன் சாரம். கலை வரலாற்றாசிரியர் கோம்பிரிக் 1945இல் இந்தக் கடிதத்துக்கும் ஓவியத்துக்கும் முடிச்சுப் போட்டார். எல்லோரும் அதை ஏற்கவில்லை. எனக்கும் அந்த முடிச்சு கொஞ்சம் தளர்வாகத்தான் படுகிறது. ஆனால் ஒரு பையனுக்கு ஒழுக்கத்தைப் போதிக்க வீனஸைக் காட்டிய ஒரு காலம் இருந்தது என்பதே என்னைக் கட்டிப்போடுகிறது.

ஃபிசினோ பிளேட்டோவை முழுவதும் லத்தீனில் கொண்டுவந்தவர். அந்த வேலையை ஒப்படைத்தவர் கிழவர் கோசிமோ தெ மெடிச்சி. இடையில் மாசிடோனியாவிலிருந்து ஒரு துறவி கிரேக்க ஏட்டுப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். எகிப்திய ஞானி ஹெர்மிஸ் டிரிஸ்மெகிஸ்டஸ், மும்மடங்கு பெரியவர், அருளியதாக நம்பப்பட்ட பதினான்கு நூல்கள் அதில் இருந்தன. பிளேட்டோ காத்திருக்கட்டும், முதலில் இதை மொழிபெயர் என்றார் கோசிமோ. ஃபிசினோ 1463இல் முடித்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டே கோசிமோ இறந்துபோனார். சாவு வாசலில் நிற்கும்போது ஒரு வட்டிக்கடைக் குடும்பத்தின் தலைவர் கேட்ட புத்தகம் எது என்று யோசித்துப் பார், கமலா. பிளேட்டோவுக்கே ஆசிரியர் பரம்பரை ஒன்று உண்டு, அதன் வேர் எகிப்தில் இருக்கிறது, அங்கே ஞானத்தைப் படங்களாலும் புதிர்களாலும் மூடிவைத்தார்கள் என்று அந்த மனிதர்கள் மனதார நம்பினார்கள். இத்தாலியின் சியெனா நகரப் பேராலயத்தின் வாசலைத் தாண்டியதும் தரையில் ஹெர்மிஸின் உருவத்தைப் பளிங்கில் பதித்திருக்கிறார்கள். 1480களில் செய்தது. 'மோசேயின் காலத்தவர்' என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தேவாலயத்துத் தரையில், கமலா!

இந்த ஹெர்மிஸின் ரோமப் பெயர்தான் மெர்க்குரி. ஓவியத்தில் முதுகு காட்டி நிற்கிறானே, அவனேதான். மேகங்களை விலக்கும் அவன் மறைபொருளின் காவலன் என்று சொல்பவர்கள் இந்த நூல்களை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறார்கள்.

ஃபிசினோவின் வட்டத்தில் பிக்கோ தெல்லா மிராந்தோலா என்ற இளைஞர் இருந்தார். 1486இல், 23 வயதில், 900 கருத்துகளை அச்சிட்டு, ரோமில் யாரோடு வேண்டுமானாலும் வாதாடத் தயார் என்று அறிவித்தார். போப்பாண்டவர் வாதத்தை நிறுத்திவைத்தார். 13 கருத்துகளைச் சபை கண்டித்தது. எகிப்தியக் கோயில்களில் சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட ஸ்பிங்க்ஸ் சிலைகளைச் செதுக்கியதே, உயர்ந்த உண்மைகளைப் புதிரால் காக்க வேண்டும் என்று உணர்த்தத்தான் என்றார் பிக்கோ. காதலுக்குக் கண் இல்லை என்று நாம் கேலியாகச் சொல்வோம். பிக்கோ அதைத் தலைகீழாகத் திருப்பினார்: அறிவு எட்டாத உயரத்தில் இருப்பதால்தான் காதலுக்குக் கண் இல்லை என்றார். கண்ணைக் கட்டிய க்யூபிட்டின் அம்பு, ஆடும் மூன்று தேவதைகளில் நடுவில் இருப்பவளைக் குறிவைக்கிறது. அவள் பார்வையோ மெர்க்குரியின் பக்கம் போகிறது. இதை அந்த அறையில் நின்று பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது உன் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். இவ்வளவு பெரிய கட்டடத்துக்கும் போட்ட அடித்தளம் தவறு. 1614இல் ஐசக் கசாபோன் என்ற கிரேக்க அறிஞர் ஹெர்மிஸ் நூல்களை வரிவரியாகப் படித்துப் பார்த்தார். மோசேயின் காலத்து நூலில், பல நூற்றாண்டுகள் பின்னால் வாழ்ந்த கிரேக்கச் சிற்பி ஃபிடியாஸின் பெயர் எப்படி வரும்? கிரேக்கத்தில் மட்டுமே பொருள்படும் சொல்விளையாட்டு எகிப்திய மொழியிலிருந்து மொழிபெயர்த்த நூலில் எப்படி இருக்கும்? சிலேடையை மொழிபெயர்க்க முயன்ற யாருக்கும் இது உடனே புரியும். நூல்கள் கிறிஸ்துவுக்குப் பிற்பட்டவை என்று அவர் நிறுவினார். தாத்தா என்று தலைமேல் வைத்துக்கொண்டவர் பேரன் வயதுகூட ஆகாதவர். கோசிமோவை எண்ணி எனக்கு நெஞ்சு வலித்தது.

படஎழுத்து விஷயத்திலும் இதே கதைதான். 1419இல் கிரேக்கத் தீவான ஆண்ட்ரோஸில், ஹோராப்போலோ எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு சுவடி கிடைத்தது. எகிப்தியப் படஎழுத்துகளுக்கு அது பொருள் சொன்னது. புளோரன்ஸ் அறிஞர்கள் அதை வேதம்போல் படித்தார்கள். ஒவ்வொரு படமும் ஒரு கருத்து என்றது அந்த நூல். 1822இல் பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியன் எழுத்துகளைத் திறந்து காட்டியபோது, அவற்றில் பெரும்பகுதி ஒலிகளைக் குறிக்கின்றன என்பது தெரிந்தது. ஆனால் உனக்காகவே வைத்திருக்கும் ஒரு செய்தி: கழுகின் படம் தாயைக் குறிக்கும் என்று ஹோராப்போலோ எழுதியிருந்தார். காரணம், பிணந்தின்னிக் கழுகுகளில் ஆணே கிடையாதாம். உயிரியல் படித்த நீ தலையில் அடித்துக்கொள்வாய். ஆனால் எகிப்தியர் 'தாய்' என்ற சொல்லை எழுத அந்தக் கழுகையே வரைந்தார்கள். பொருள் சரி, காரணம் முழுக்கத் தவறு. எங்கோ ஒரு நூலிழை அறுபடாமல் அவர் கைவரை வந்திருக்கிறது.

இதைத்தான் நான் உன்னிடம் சொல்ல நினைக்கிறேன். அவர்கள் ஹெர்மிஸின் வயதில் ஏமாந்தார்கள். படஎழுத்தில் ஏமாந்தார்கள். ஆனால் உலகத்தில் கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொன்றும் இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நம்பியதால், ஒரு பூவைக்கூட அசட்டையாக வரைய அவர்களால் முடியவில்லை. ஒளிந்திருக்கிறது என்ற நம்பிக்கைதான் அவ்வளவு கூர்மையாகப் பார்க்க வைத்தது. 1982இல் இந்த ஓவியத்தைச் சுத்தம் செய்து பழைய மெருகெண்ணெயை நீக்கியபோது, இருண்ட புல்தரையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் பூக்கள் வெளியே வந்தன. தாவரவியலாளர்கள் வந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார்கள். வெறும் அலங்காரத்துக்கு யாராவது இவ்வளவு உழைப்பார்களா? காலடியில் மிதிபடும் பூவுக்கும் இதழ் எண்ணி வரைந்தவன் எதையோ நம்பியிருக்கிறான்.

வகுப்பில் நான் செய்த தவறு வேறு. வீனஸ் என்றால் இது, மெர்க்குரி என்றால் அது என்று விடைத்தாள்போல் கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டு எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். ஒரு பெண்கூடப் படத்தைப் பார்த்திருக்க மாட்டாள். இப்போது அந்த வகுப்பு எனக்குத் திரும்பக் கிடைத்தால், உன்னை வரவழைத்து ஒரு மணி நேரம் பூக்களின் பெயரை மட்டும் சொல்லச் சொல்வேன்.

மதியம் தபால் எடுக்கும் நேரம் ஆகிவிட்டது, முடிக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம். பேத்தியின் பரீட்சை முடிவு வந்ததும் எழுது. இத்துடன் குளோரிஸின் முகத்தை மட்டும் பெரிதாக்கிய படம் ஒன்று வைத்திருக்கிறேன். உதட்டை ஒட்டி ஒரு சிறிய பூ இருக்கிறது பார், இன்னும் முழுதாக வெளியே வராதது. உன் பட்டியலில் அது இல்லை. அது என்ன பூ?

அன்புடன்,
உன் பார்வதி