மெஷினைக் குறை சொல்லும் முன் தண்ணீரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

‘புது மெஷின் தண்ணியே எடுக்க மாட்டேங்குது, அப்புறம் துணி எப்படி வெளுக்கும்?’ தண்ணீரை மிச்சம் பிடிக்கும் டாப் லோடு வாஷிங் மெஷின் வாங்கிய வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் புலம்பல் இது. பழைய மாடல்கள் தொட்டி நிறைய நீர் பிடித்துத் துணியை மிதக்கவிட்டுத் துவைத்தன. இப்போது வருபவை துணி நன்றாக நனையும் அளவுக்கே நீர் விடுகின்றன. அடியில் சுழலும் தட்டு துணியைப் புரட்டிப்போட, துணியோடு துணி உரசி அழுக்கு போகிறது. முறையில் குறை இல்லை. ஆனால் நீர் குறைந்தால் பவுடர் கூடினாலும் தெரியும், துணி கூடினாலும் தெரியும், உப்புத் தண்ணீர் என்றால் உடனே தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் முக்கால்வாசிப் புகாருக்குக் காரணம் உப்புத் தண்ணீர்தான் என்பது என் கணிப்பு. குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி (ஐ.எஸ். 10500) கடினத்தன்மை, அதாவது நீரில் கரைந்த கால்சியம், மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். போர் தண்ணீர் பல ஊர்களில் இந்த 200-ஐ எளிதாகத் தாண்டிவிடுகிறது. நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பவுடரில் ஒரு பங்கை முதலிலேயே தின்றுவிடும். மீதிதான் அழுக்குக்குப் போகும். அதனால்தான் வெள்ளை வேட்டி சாம்பல் பூக்கிறது, துண்டு காய்ந்ததும் விறைக்கிறது.

கடினத்தன்மையை டி.டி.எஸ். மீட்டரால் அறிய முடியாது. அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டும். வீட்டில் பார்க்க ஒரு வழி உண்டு: பாட்டிலில் பாதி தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைச் சீவிக் கொஞ்சம் போட்டுக் குலுக்குங்கள். நுரை நிற்காமல் தயிர் திரிந்ததுபோல் வெள்ளையாக மிதந்தால் கடினநீர். துல்லியமாக வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

இங்கேதான் சோப்புப் பவுடர் நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு டிடர்ஜென்ட் விதிமுறை, மென்னீர், நடுத்தர நீர், கடினநீர் என்று மூன்றுக்கும் தனித்தனி அளவைப் பாக்கெட்டிலேயே அச்சிடச் சொல்கிறது. நம் ஊரில் பல பாக்கெட்டுகள் ‘இத்தனை கிலோ துணிக்கு இத்தனை ஸ்கூப்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. மெட்ரோ வாட்டர் வரும் வீட்டுக்கும் உப்பு போர் மட்டுமே உள்ள வீட்டுக்கும் ஒரே ஸ்கூப் எப்படிச் சரியாகும்? மெஷினைப் பொருத்த வரும் டெக்னீஷியனும் சோதனைப் பட்டை ஒன்றை நீரில் நனைத்துப் பார்த்து அளவு சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டு நிமிட வேலை.

அதுவரை நாமே அளவு கண்டுபிடிக்க ஒரு சோதனை. துவைத்துக் காய்ந்த துண்டுகள் நான்கைந்தைப் பவுடரே போடாமல் மெஷினில் ஓடவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் மூடியைத் திறந்து பார்த்தால் நுரை நின்றால், இதுவரை போட்டது அதிகம். அது அலசிப் போகாமல் துணியிலேயே தங்கியிருக்கிறது. அடுத்த முறை கால் பங்கு குறையுங்கள். நுரையே இல்லை, துணியும் மங்கல் என்றால் பவுடர் போதவில்லை, அல்லது நீர் மிகக் கடினம். அப்போது பவுடருக்கு முன்பே இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றலாம். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா கூடாது. குழாயில் மாட்டும் சிறிய ‘ஹார்ட் வாட்டர்’ கார்ட்ரிட்ஜ்களில் பாஸ்பேட் மணிகள் இருப்பவை உப்பு படியாமல் தடுக்குமே தவிர, நீரை மென்னீராக்காது. உப்புக் கரைசல் ஊற்றிப் புதுப்பிக்கும் ரெசின் வகைதான் அதைச் செய்யும்.

பவுடர் ‘மேட்டிக் டாப் லோடு’ என்று எழுதியதாகவே இருக்கட்டும். கையால் துவைக்கும் பவுடர் நுரையைப் பொங்கவைத்து, துணிகளுக்கு நடுவே மெத்தைபோல் நின்று உரசலையே கெடுத்துவிடும். குறைந்த நீரில் கட்டி கரையாமல் கறுப்பு பேன்ட்டில் வெள்ளைக் கோடு விழும் வீடுகளில், ஒரு மக் வெதுவெதுப்பான நீரில் பவுடரைக் கரைத்து ஊற்றினால் போதும்.

ஸ்டார்ட் அழுத்தியதும் நீர் வராமல் ட்ரம் இப்படியும் அப்படியும் அசைகிறதல்லவா, மெஷின் அப்போதுதான் எடை பார்க்கிறது. அந்த நேரத்தில் உள்ளே உலர்ந்த துணி இருக்க வேண்டும். பக்கெட்டில் ஊறவைத்ததை அப்படியே போட்டால் ஈர எடையையும் துணி என்று எண்ணிவிடும். அப்படித்தான் போடுவேன் என்றால் நீர் அளவை நீங்களே பட்டனில் தேர்ந்தெடுங்கள். 7 கிலோ என்பதும் உலர்ந்த எடைதான். ட்ரம்மில் முக்கால் பங்குக்கு மேல் வேண்டாம், அமுக்கவும் வேண்டாம். துணி மேலும் கீழும் புரள இடமில்லாவிட்டால் மேலே கிடப்பது கடைசிவரை மேலேயே கிடக்கும்.

ஐந்தரை மீட்டர் சேலை மற்ற துணிகளைச் சுற்றிக் கயிறாக முறுக்கிக்கொள்ளும். மடித்து ஜிப் வைத்த வலைப் பையில் போடுங்கள். மூட்டிய கைலி கைக்குட்டையையும் சாக்ஸையும் விழுங்கிவிடும். வெளியே எடுக்கும்போது அவை உள்ளே அழுக்கோடு சுருண்டு கிடக்கும். மழைக்கோட்டு, ரெக்ஸின் உறை, குழந்தைக்கு விரிக்கும் ரப்பர் ஷீட் ஆகியவற்றை மெஷினில் பிழியவே கூடாது. நீர் அவற்றுக்குள் தேங்கி, வேகம் எடுக்கும்போது ட்ரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடிக்கும். 2016 நவம்பரில் அமெரிக்காவில் சாம்சங் சுமார் 28 லட்சம் டாப் லோடு மெஷின்களைத் திரும்ப அழைத்தது, பிழியும்போது அதிர்ந்து மேல்பகுதி கழன்றுவிடும் ஆபத்து இருந்ததால்தான். படுக்கை விரிப்பு, நீர் புகாத துணி, கனமான துணி ஆகியவற்றுக்குக் குறைந்த வேகமே போதும் என்று அப்போது அறிவுறுத்தப்பட்டது.

வெயில் காலத்தில் மொட்டைமாடி டேங்க் நீர் பிற்பகலில் நன்றாகச் சூடாக இருக்கும். எண்ணெய்ப் பிசுக்குள்ள காலர், தலையணை உறைக்கு அது இலவச ஹீட்டர். சாயம் போகும் துணியையும் ரத்தக் கறையையும் விடியற்காலைக் குளிர்ந்த நீரில் துவையுங்கள். சாம்பார் பட்ட மஞ்சள் கறை பவுடர் பட்டதும் சிவந்தால் பதற வேண்டாம், காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். துவைத்து வெயிலில் காயப்போட்டால் வெளுத்துவிடும். போர் நீரில் இரும்பு இருந்தால் மட்டும் குளோரின் ப்ளீச் ஊற்றாதீர்கள். துரு துணியிலேயே பிடித்துக்கொள்ளும்.

நீர் மெதுவாக வந்து மெஷின் பாதியில் நின்றால், நீர் வரும் குழாயின் முனையிலுள்ள சல்லடையைக் கழற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். மேல் தளத்தில் டேங்குக்கு நேர் கீழே மெஷின் இருந்தால் அழுத்தமே போதாமலிருக்கும். டேங்க் ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார்தான் (பார் என்பது அழுத்தத்தின் அலகு).

மாதம் ஒருமுறை வெறும் ட்ரம்மில் உப்பு நீக்கும் பவுடர் போட்டு ‘டப் கிளீன்’ ஓடவிடுங்கள். துணியில் ஒட்டிவரும் கறுப்புத் துணுக்குகள் வெளித் தொட்டியில் படிந்த சோப்புப் பிசுக்குதான். அந்தப் பவுடரையோ வினிகரையோ ப்ளீச்சோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

இப்படிக்கு,
வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பவர்,
சென்னை