தீர்ப்புக்குப் பிறகும் துணை நிற்க: பன்னாட்டு வலையமைப்புக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஐரீன் க்ரூட்பூம் என்ற பெண்ணின் வழக்கைப் பல நாடுகளின் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனுக்குப் பக்கத்தில், தனியார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர் அவர். 1999-ல் அந்தக் குடிசைகளை இடித்துத் தள்ளினார்கள். மழைக்காலம் தொடங்கும் நேரம். 390 பெரியவர்களும் 510 குழந்தைகளும் ஒரு விளையாட்டுத் திடலில் பிளாஸ்டிக் விரிப்புகளுக்கு அடியில் ஒதுங்கினார்கள். தலைக்கு மேல் கூரையே இல்லாதவர்களுக்கு உடனடி உதவி தராத வீட்டுவசதித் திட்டம் அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2000 அக்டோபரில் அந்நாட்டின் அரசியல் சட்ட நீதிமன்றம் சொன்னது. உலகமே எடுத்துக்காட்டிய தீர்ப்பு அது. ஆனால் 2008-ல் ஐரீன் இறந்தபோதும் ஒரு குடிசையில்தான் இருந்தார்.

எங்கள் குழு கூடும்போதெல்லாம் பேச்சு இந்த இடத்துக்கே திரும்பி வருகிறது. வழக்கில் ஜெயித்த பெண்ணுக்கு வீடு ஏன் வரவில்லை?

இந்தியாவில் 2001-ல் உணவு உரிமைக்காகத் தொடுத்த வழக்கையும் பாருங்கள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பல மாநிலங்கள் இழுத்தடித்தன. ஆனால் அந்த வழக்கைச் சுற்றி ஓர் இயக்கமே உருவாகியிருந்தது. உத்தரவு நிறைவேறுகிறதா என்று கண்காணிக்க ஆணையர்களை நீதிமன்றமே நியமித்தது. அங்கே தீர்ப்புக்குப் பிறகும் ஆட்கள் இருந்தார்கள். அந்த அனுபவம் வேறொரு கண்டத்தில் வீட்டுக்காகப் போராடுகிறவர் கைக்கு எப்படிப் போய்ச் சேரும்? இன்றைக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்வதில்லை. அதற்காகத்தான் பொருளாதார, சமூக உரிமைகளுக்காக உழைக்கும் செயற்பாட்டாளர்களை நாடுகள் தாண்டி இணைக்கும் வலையமைப்பு ஒன்றைத் திட்டமிட்டு வருகிறோம்.

இந்த உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 1966-ல் ஏற்கப்பட்டு 1976-ல் நடைமுறைக்கு வந்தது. உணவு, உறைவிடம், உடல்நலம், கல்வி, வேலை எல்லாம் அதில் இருக்கின்றன. கூடவே ஒரு சொல்லும் இருக்கிறது: ‘படிப்படியாக’. அரசுகள் தம்மிடம் உள்ள வளங்களை இயன்ற அளவு முழுமையாகச் செலவிட்டு, படிப்படியாக இந்த உரிமைகளை நிறைவேற்ற வேண்டும் என்கிறது உடன்படிக்கை. எத்தனை அலுவலகங்களில் இந்த ஒரு சொல்லைக் காட்டி மக்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்! படிப்படியாக என்றால் முதல் படியில் இன்றே கால் வைக்க வேண்டும் என்றுதான் பொருள். உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவே 1990-ல் இதைத் தெளிவாக்கிவிட்டது. உயிர் வாழத் தேவையான குறைந்தபட்ச அளவை எந்த அரசும் உறுதிசெய்தாக வேண்டும். வளம் இல்லை என்று சொல்கிற அரசு, இருந்த வளத்தையெல்லாம் முதலில் இதற்குத்தான் செலவிட முயன்றது என்று காட்ட வேண்டும். பட்ஜெட்டைப் பிரித்துப் படித்து இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்தவருக்குக் கற்றுத்தர வேண்டும்.

எங்கள் இணையவழித் திட்டமிடல் கூட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு பெண், தன் குடியிருப்பைக் காலிசெய்யச் சொல்லி வந்த நோட்டீஸைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் கேமரா முன்னால் பிடித்தார். வேறொரு நாட்டுத் தோழர் ஒருவர், “மாற்று இடம் எங்கே என்று அதில் எழுதியிருக்கிறதா?” என்று கேட்டார். அந்தப் பெண் பத்து நிமிடம் பதில் சொன்னார். எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. அரைகுறையாக மொழி தெரிந்த நண்பர்தான் அன்றைக்கு உதவிக்கு இருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் இழந்துவிட்டோம்.

அதனால்தான் நீங்கள் தரும் பணத்தில் பெரும்பங்கை மொழிபெயர்ப்புக்கு ஒதுக்குகிறோம். கூட்டங்களில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்களுக்கு முறையான ஊதியம் தர வேண்டும். முக்கியமான தீர்ப்புகளையும், அரசுகள் ஐ.நா. குழுவுக்குத் தரும் அறிக்கைகளுக்கு மறுப்பாக மக்கள் அமைப்புகள் அதே குழுவுக்குக் கொடுத்த அறிக்கைகளையும் எளிய நடையில் பல மொழிகளில் கொண்டுவர வேண்டும். அடுத்த செலவு பயணம். வலையமைப்பு நடத்தவிருக்கும் முதல் மாநாட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது வெளியேற்றத்தையோ பட்டினியையோ நேரில் சந்தித்தவர்களாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறோம். விசாக் கட்டணம், ஒரு வாரக் கூலி இழப்பு, கைக்குழந்தையோடு வருகிறவருக்குத் துணை என எல்லாம் இதில் சேரும். கூலி இழப்பை ஈடுகட்டாமல் தினக்கூலிக்காரரைக் கூப்பிடுவது வெறும் வாய் உபசாரம். அப்புறம், ஒருங்கிணைப்புக்கு இரண்டு பேர் சம்பளம். அவ்வளவுதான், அலுவலகக் கட்டடம் வேண்டாம்.

நிதியுதவி தரும் பெரிய அமைப்புகளிடம் போகலாமே என்று சிலர் கேட்டார்கள். போவோம், ஆனால் அதை மட்டும் நம்பி இறங்க மாட்டோம். பணம் தருகிறவரின் திட்டக்காலம் இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடும். ஐரீனின் தீர்ப்புக்கும் மறைவுக்கும் இடையே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். அவ்வளவு காலம் கூட நிற்க, சிறு தொகையை விடாமல் தருகிற பலர் வேண்டும். ஒரே தடவை பெரிதாகத் தருவதைவிட, மாதந்தோறும் உங்களால் முடிந்ததைத் தந்தால் எங்களுக்குத் திட்டமிட வசதியாக இருக்கும். நில அபகரிப்பு, கட்டாய வெளியேற்றம் போன்ற புகாருக்கு உள்ளான நிறுவனங்களிடமிருந்து பணம் வாங்குவதில்லை. ஒவ்வொரு நன்கொடைக்கும் ரசீது உண்டு. வரவு செலவுக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பணம் தந்தவர்கள், தராதவர்கள் எல்லாரும் பார்க்கும்படி வைப்போம்.

பணம் தர இயலாத நிலையா? சரி, உங்களுக்கு இரண்டு மொழி நன்றாகத் தெரியுமென்றால் எந்தெந்த மொழி, வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்று எழுதுங்கள். அந்த நோட்டீஸைக் காட்டிய பெண்ணை அடுத்த கூட்டத்துக்கு மறுபடி அழைத்திருக்கிறோம். இந்த முறை அவர் பேசுவதை வரிக்கு வரி கேட்க விரும்புகிறோம்.

இப்படிக்கு,
ஏற்பாட்டுக் குழுவினர்