ஹாம்லெட்டைத் தயக்கத்துக்குள் அடக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழில் சென்ற மாதம் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் பாத்திரத்தைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் நாடகத்தில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர் என்பது ஒவ்வொரு பத்தியிலும் தெரிகிறது. எனினும், தந்தையைக் கொன்று அரியணை ஏறிய சிற்றப்பன் கிளாடியஸைப் பழிவாங்குமாறு தந்தையின் ஆவியால் ஏவப்படும் அந்த டென்மார்க் இளவரசனின் வீழ்ச்சிக்கு முடிவெடுக்கத் தெரியாத அவனுடைய தயக்கமே காரணம் என்று அவர் தீர்ப்பளித்திருப்பதை, இந்நாடகத்தைக் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

இக்கருத்துக்கு நீண்ட மரபு உண்டு என்பதை மறுக்கவில்லை. தன் மேல் சுமத்தப்பட்ட பெருஞ்செயலைத் தாங்கும் வலுவில்லாத மென்மையான உள்ளம் என்று ஜெர்மானியக் கவி கதே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார். சிந்தனை மிகுந்து செயல் குன்றியவன் என்றார் ஆங்கிலக் கவி கோல்ரிட்ஜ். 1948இல் வந்த லாரன்ஸ் ஒலிவியேயின் திரைப்படமோ, மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள முடியாத ஒருவனின் துயரக்கதை இது என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. ஆனால் நாடகத்தின் வரிகளோடு ஒட்டிச் சென்றால் நாம் காணும் ஹாம்லெட் வேறு மாதிரியானவன். ஆவி அழைக்கும்போது, தடுக்கும் நண்பர்களை உதறிவிட்டுத் தனியே அதன் பின்னால் செல்கிறான். கடற்கொள்ளையருடன் நடக்கும் சண்டையில் அவர்கள் கப்பலில் ஏறிச் சிறைப்படுகிறான். தன் தலையை வாங்கச் சொல்லும் அரசாணையை இரவோடிரவாகத் திருத்தி எழுதி, அதைக் கொண்டுசென்ற பழைய தோழர்கள் இருவரையும் சாவுக்கு அனுப்புகிறான். இவனைச் செயலற்றவன் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

கட்டுரையாளர் போதிய இடம் தராமல் விட்டுவிட்ட ஒன்று, சாட்சியம் பற்றிய கேள்வி. 12ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி டென்மார்க்கின் வரலாற்றாசிரியர் சாக்ஸோ எழுதிய மூலக்கதையில் சிற்றப்பன் செய்த கொலை ஊரறிந்த செய்தி. ஷேக்ஸ்பியரிடம் அது தூங்குபவன் காதில் ஊற்றிய நஞ்சு, பரம இரகசியம். அதை அறிவிக்கும் ஒரே சாட்சி ஓர் ஆவி. அந்த ஆவியோ, இறந்தோர் பாவம் தீரத் துன்புறும் இடமாகக் கத்தோலிக்கர் நம்பும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தான் வெந்துகொண்டிருப்பதாகக் குறிப்பால் உணர்த்துகிறது. ஹாம்லெட் படித்ததோ, புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரின் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில். நாடகம் மேடையேறிய இங்கிலாந்தின் திருச்சபையும் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்ற போதனையைத் தன் 39 கொள்கைகளில் ஒன்றின் மூலம் வெளிப்படையாகவே மறுத்திருந்தது. அப்படியிருக்க, தான் கண்டது தந்தைதானா, தந்தையின் வடிவெடுத்து வந்த சாத்தானா என்று அவன் ஐயுறுவதை அக்காலத்துப் பார்வையாளர்கள் சாக்குப்போக்காகக் கருதியிருக்க மாட்டார்கள் என்பதே என் எண்ணம். குற்றவாளியே அரசனாக அமர்ந்திருக்கும் நாட்டில் முறையிட வேறு மன்றம் இல்லை. ஆகவே, தந்தையின் கொலையை ஒத்த காட்சியோடு நாடகத்துக்குள் ஒரு நாடகத்தை நடத்தி, அரசனின் முகத்தை நண்பன் ஹொரேஷியோவும் தானுமாகக் கவனிக்க ஏற்பாடு செய்கிறான். கட்டுரையாளர் காலம் கடத்தும் உத்தி என்று தள்ளிவிடும் இந்தக் காட்சிதான், அவன் நடத்தக்கூடிய ஒரே விசாரணை.

அதற்குப் பின்னும் அவன் கொல்லவில்லையே என்று கேட்கலாம்; அது நியாயமான கேள்வி. கிளாடியஸ் மண்டியிட்டு ஜெபிக்க முயலும் காட்சியில் ஹாம்லெட் வாளை உருவிக்கொண்டு அவன் பின்னால் நிற்கிறான். ஜெபத்தில் இருப்பவனைக் கொன்றால் அவன் ஆன்மா சொர்க்கம் போய்விடும், குடித்துக் கிடக்கும்போதோ படுக்கையிலோ கொன்றால்தான் நரகத்தில் விழும் என்று கணக்கிட்டு வாளை உறையில் போடுகிறான். இதைத் தயக்கம் என்று எடுத்துக்கொண்டால் காட்சியின் கொடூரமே நம் கண்ணில் படாமல் போய்விடும். உயிரை வாங்குவது அவனுக்குப் போதவில்லை. மறுமையின் தீர்ப்பையும் தானே வழங்க விரும்புகிறான். அவன் வெளியேறியதும், சொற்கள் மேலே போகின்றன, நினைவோ கீழேயே கிடக்கிறது என்று சொல்லி எழுகிறான் கிளாடியஸ். அந்த ஜெபம் ஜெபமாகவே இல்லை என்பது ஹாம்லெட்டுக்குத் தெரியாது.

அடுத்த காட்சியை மாணவர்களோடு சேர்ந்து வரி வரியாக வாசித்திருக்கிறேன். தாயின் அறையில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கிறது. கண நேரமும் யோசிக்காமல் ஹாம்லெட் திரையோடு சேர்த்துக் குத்துகிறான். என்ன காரியம் செய்துவிட்டாய் என்று தாய் அலறும்போது, எனக்குத் தெரியாது, அரசன்தானா என்று கேட்கிறான். திரையை விலக்கினால் கிடப்பவர் அரசனின் ஆலோசகர் பொலோனியஸ். அவசரக் குடுக்கை, உன்னைவிடப் பெரியவன் என்று நினைத்தேன் என்று பிணத்திடம் சொல்லிவிட்டு, அது அங்கேயே கிடக்கத் தாய்க்கு நெடுநேரம் அறிவுரை சொல்கிறான். பொலோனியஸின் மகளும் ஹாம்லெட்டின் காதலியுமான ஒஃபீலியாவின் பித்து, அவள் சாவு, அவள் சகோதரன் லேயர்டீஸின் ஆத்திரம், நஞ்சு தோய்ந்த வாள் எல்லாம் இந்த ஒரு குத்திலிருந்துதான் கிளைக்கின்றன. தயக்கமே அவனை வீழ்த்தியது என்பவர்கள், சிறிதும் தயங்காத இந்தக் கணத்தை எங்கே வைப்பார்கள்?

என் வாசிப்பின் மையம் இதுதான். தந்தையைக் கொன்றவனைத் தேடிச் செல்லும் மகன், அந்தக் குத்தோடு, இன்னொரு மகனின் தந்தையைக் கொன்றவனாகிவிடுகிறான். லேயர்டீஸ் தேவாலயத்துக்குள்ளேயே ஹாம்லெட்டின் கழுத்தை அறுப்பேன் என்று வந்து நிற்கும்போது, அவன் கேட்கும் நீதியும் ஹாம்லெட் கேட்கும் நீதியும் ஒன்றே. தன் துயரத்தின் சாயலில் லேயர்டீஸின் துயரத்தைக் காண்பதாக ஹாம்லெட்டே ஹொரேஷியோவிடம் சொல்கிறான். இந்த வரிகள் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623ஆம் ஆண்டுத் தொகுப்பான ஃபோலியோ பதிப்பில் மட்டும் உள்ளன. 1604-05இல் தனிநூலாக வந்த இரண்டாம் குவார்டோ பதிப்பில் இல்லை. மாறாக, தான் காலம் தாழ்த்துவதாக ஹாம்லெட் தன்னையே கடுமையாகச் சாடிக்கொள்ளும், கட்டுரையாளர் முதன்மைச் சான்றாகக் காட்டும், போலந்து நோக்கிச் செல்லும் படையைக் கண்டு பேசும் தனிமொழி, அந்தக் குவார்டோவில் இருந்து ஃபோலியோவில் இடம்பெறாமல் போனது. இந்தப் பதிப்பு வேறுபாட்டைக் குறிப்பிடாமல் அந்தத் தனிமொழியின் மேல் முழுத் தீர்ப்பையும் எழுப்புவது சரியன்று. மேலும், துன்பத்தில் இருப்பவன் தன்னைப் பழித்துக்கொள்வதை அப்படியே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

ஹாம்லெட்டைக் குற்றமற்றவன் ஆக்குவது என் நோக்கமன்று. வாட்போட்டிக்கு முன் லேயர்டீஸிடம் மன்னிப்புக் கேட்கையில், பழியைத் தன் பித்தின் மேல் போடுகிறானே, அந்த இடம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆயினும், ஒரே நஞ்சு வாளால் இருவரும் காயமுற்றுச் சாகும் தறுவாயில், என் சாவும் என் தந்தையின் சாவும் உன்மேல் வராதிருக்கட்டும், உன் சாவு என்மேல் வராதிருக்கட்டும் என்று லேயர்டீஸ் கூறுவதும், வானம் உன்னை விடுவிக்கட்டும் என்று ஹாம்லெட் பதில் கூறுவதும் நாடகத்தில் இருக்கின்றன. பழிக்குப் பழி என்று தொடங்கிய கதையில், பழிவாங்க வந்த இரு மகன்களும் ஒருவரையொருவர் மன்னிக்கிறார்கள். நான்கு பக்கக் கட்டுரையில் இந்த மன்னிப்புக்கு ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரும் குறையாகப் பட்டது.

கட்டுரை தொடரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதியில் லேயர்டீஸையும் ஹாம்லெட்டையும் அருகருகே வைத்துக் கட்டுரையாளர் எழுத வேண்டும் என்றும், தாம் எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறார் என்பதை வாசகர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை